பெருநாள் தொழுகையும் பித்ராவும்: ஒரு சமூகவியல் விளக்கம்

பண்டிகைகளை அவற்றின் சடங்குகளைக் கொண்டு மாத்திரம் விளக்குவோர், அச்சடங்குகளுக்கு அடித்தளமாயமைந்த சமூக உறவுகளைக் காணத் தவறுகின்றனர். சடங்குகளைப் புறந்தள்ளிப் பொருளாதாரத்தை மாத்திரம் பேசுவோரோ, மக்கள் தமது வாழ்வுக்குத் தாமே அளிக்கும் அர்த்தத்தைக் காணத் தவறுகின்றனர். இலங்கை முஸ்லிம்களின் பெருநாள்களை இவ்விரு நிலைகளிலும் வைத்து நோக்குதல் பயனுடையது.

றமழான் நோன்பு நிறைவெய்தியதும் ஷவ்வால் முதலாம் நாளில் வருவது நோன்புப் பெருநாள்; துல்ஹஜ் பத்தாம் நாளில் வருவது ஹஜ்ஜுப் பெருநாள். ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணிப்பைச் சார்ந்தது. அது சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள்கள் குறைந்ததாகையால், பெருநாள்கள் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. தைப்பொங்கல் அறுவடையுடன் பிணைந்தது. கிழக்கிலங்கை முஸ்லிம் விவசாயிக்கோ, பெருநாள் சில ஆண்டுகளில் களத்தில் நெல் குவிந்திருக்கும்போதும், சில ஆண்டுகளில் வீட்டில் நெல் தீர்ந்த மாதங்களிலும் வருகின்றது. உற்பத்திச் சுழற்சியுடன் நேரடிப் பிணைப்பற்ற இப்பண்டிகை, இல்லாதோர்க்கு உணவு சேர்வதற்கான ஏற்பாட்டைத் தன்னுள்ளேயே கொண்டிருத்தல் கவனிக்கத்தக்கது.

தொழுகை முறையை முதலில் நோக்குவோம். சூரியன் உதித்தபின் தொடங்கி நண்பகலுக்கு முன் இது நிறைவேற்றப்படும். பாங்கும் இகாமத்தும் இல்லை. இலங்கையிற் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு ரக்அத்துகளில் முதலாவதில் 7 தக்பீர்களும் இரண்டாவதில் 5 தக்பீர்களும் மேலதிகமாகக் கூறப்படும். ஹனபி மத்ஹபினர் ஒவ்வொரு ரக்அத்திலும் மும்மூன்று தக்பீர்கள் கூறுவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் குத்பா முதலிலும் தொழுகை பின்னரும் இடம்பெறும். பெருநாளில் இவ்வொழுங்கு மாறித் தொழுகைக்குப் பின்னரே குத்பா நிகழும். பள்ளிவாசலிலன்றித் திடலிற் கூடித் தொழுவதும் பல ஊர்களில் உண்டு. அவ்வாறான திடல்களிற் பெண்களும் பெருந்தொகையாகக் கலந்துகொள்கின்றனர்.

வயலுரிமையாளரும் வயற்கூலியும் ஒரே அணியில் தோளோடு தோள் நின்று தொழுகின்றனர். இக்காட்சியை மாத்திரம் கொண்டு சமத்துவம் நிலைநாட்டப்பட்டதாகக் கூறுவது மிகை. தொழுகை முடிந்து கலைகையில் ஒவ்வொருவரும் தத்தம் வர்க்க நிலைக்கே திரும்புகின்றனர். எனவே, தொழுகைக்கு முன்னர் நிறைவேற வேண்டிய கடமையான பித்ராவை ஆராய்தல் அவசியமாகின்றது.

குடும்பத் தலைவர் தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவருக்காகவும், கைக்குழந்தை உட்பட, ஒரு ஸாவு அளவு பிரதான உணவுத் தானியத்தை வறியோர்க்கு அளித்தல் வேண்டும். இலங்கையில் இது ஏறத்தாழ 2.5 கிலோகிராம் அரிசியாகும். அன்றிரவும் மறுநாளும் தம் குடும்பத்தின் தேவைக்குப் போக மிஞ்சியுள்ள எவருக்கும் இது கடமை. நோன்புப் பெருநாள் தொழுகையைச் சற்றுத் தாமதித்துத் தொழுவது விரும்பத்தக்கது என்பர். பித்ராவைப் பங்கிடுவதற்கு அவகாசம் கிடைப்பதே அதன் பயன். வறியவரின் அடுப்பை முன்னிட்டுத் தொழுகையின் நேரமே தள்ளிவைக்கப்படுகின்றது என்பது சாதாரணமான செய்தியன்று. ஹஜ்ஜுப் பெருநாளில் ஆடு ஒருவருக்காகவும் மாடு எழுவர் வரையிலானோருக்காகவும் குர்பான் செய்யப்பட்டு, இறைச்சியில் ஏழைகளுக்குப் பங்கு செல்வதும் இந்நோக்கையே சுட்டுகின்றது.

ஆயினும் இங்கு ஒரு முரண்பாடு உண்டு. பித்ராவின் அளவு தலைக்கு ஒன்றே. ஆலை முதலாளி தம் பிள்ளைக்காகக் கொடுப்பதும், நாட்கூலிக்காரர் தம் பிள்ளைக்காகக் கொடுப்பதும் ஒரே அளவு அரிசியே. அது ஒருநாட் பசியைத் தடுக்கும். பசியை உண்டாக்கும் உடைமை உறவுகளைத் தொடாது.

இக்கடமையின் மற்றொரு முகத்தை வரலாறு காட்டியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். உடைமைகளை இழந்த 70,000க்கும் மேற்பட்டோரிற் பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் தஞ்சமடைந்தனர். 1991 ஏப்ரலில் நோன்புப் பெருநாள் வந்தபோது, மிஞ்சியது எதுவுமற்றவர் மார்க்கச் சட்டப்படி பித்ரா கொடுப்போர் அல்லர்; பெறுவதற்கு உரியோர். நேற்றுவரை கொடுத்த கைகளை ஏந்தவைத்தது விதியன்று, அரசியல். தமிழ் பேசும் மக்களின் விடுதலை பற்றி எழுதும் எவரும் இதனைக் கடந்து செல்லல் ஆகாது.

ஆகவே பெருநாளை வெறும் மதச்சடங்கென ஒதுக்குவதும், சமத்துவத்தின் முழுமையெனப் போற்றுவதும் ஒருதலைப்பட்சமானவை. எவரும் பசியோடிருக்கலாகாது என்ற கோரிக்கையை அது ஆண்டுதோறும் எழுப்புகின்றது. அக்கோரிக்கை ஒருநாளோடு நின்றுவிடாது ஆண்டு முழுவதற்கும் உரியதாவதற்கு, நிலமும் தொழிலும் யார் கையில் உள்ளன என்ற வினாவுக்கு விடை காணவேண்டியுள்ளது. அவ்விடையைத் தேடுவது தொழுவோர்க்கும் தொழாதோர்க்கும் பொதுவான பணியாகும்.