நோயாளியின் கட்டிலருகே பிறக்கும் கேள்வி

நெய்யாற்றின்கரைக்கு அருகே பெருங்கடவிளை என்றோர் ஊர் உண்டு. ‘விளை’ என்பது தென்கோடித் தமிழில் தோட்டநிலத்தைக் குறிக்கும் சொல். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே பாறசாலையிலும் பெருங்கடவிளையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு அவர்களைப் பிறமாநிலத்தவராக்கிவிட்டது. பிழைப்பை நாடி மும்பைக்கும் டில்லிக்கும் பெங்களூருக்கும் சென்று குடியேறிய நம்மவர்க்கும் இவர்களுக்கும் ஒரு பொதுநிலை உண்டு. வீட்டில் பேசும் மொழி ஒன்று. மருத்துவமனையில் கேட்கும் மொழி வேறொன்று.

இவ்வூர்களில் ஒருவருக்குப் பெருநோய் ஏதேனும் வந்தால், அவர் திருவனந்தபுரம் செல்கிறார். அங்கே 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கு அவரை முதலில் வந்து பார்ப்பவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்லர்; இளவயதினரான ஒரு பயிற்சி மருத்துவர். நாடி பார்ப்பவரும், மருந்து எழுதுபவரும், இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் ஓடிவருபவரும் அவரே. மறுநாள் அதே மருத்துவர் வேறொரு தாளுடன் வந்து, “நாங்கள் ஓர் ஆராய்ச்சி நடத்துகிறோம். உங்கள் இரத்தத்தில் சிறிது எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்கிறார். நோயாளி திகைக்கிறார். ‘இவர் நமக்கு வைத்தியம் செய்கிறாரா, நம்மை வைத்துச் சோதனை செய்கிறாரா?’ என்ற ஐயம் அவர் உள்ளத்தில் எழுகிறது.

இந்த ஐயம் நியாயமானதே. இதற்கு விடை காண வேண்டுமாயின், அந்த இளைஞர் யார், அவருக்கு ஏன் இந்த இரட்டைப் பணி என்பதை முதலில் நாம் அறிதல் வேண்டும்.

எம்.பி.பி.எஸ். பட்டம் பெற நாலரை ஆண்டுப் படிப்பும், அதன்மேல் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் தேவை. அதன்பின் ஒரு துறையில் வல்லுநராக விரும்புவோர் மேலும் மூன்றாண்டுகள் மருத்துவமனையிலேயே பணிபுரிந்து எம்.டி. அல்லது எம்.எஸ். பட்டம் பெறுகின்றனர். இவர்களை ‘ரெசிடென்ட்’ என்பர். உறைபவர் என்பது அச்சொல்லின் பொருள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறக்கப்பட்டபோது, இளம் மருத்துவர்கள் அம்மனையிலேயே தங்கி, இரவும் பகலும் நோயாளிகளின் அருகிலிருந்து தொழில் பழகும் முறை அங்கே உருப்பெற்றது. அம்முறையே பின்னர் உலகெங்கும் பரவிற்று.

நம் நாட்டில் இம்மூன்றாண்டுப் பயிற்சியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. பயிற்சி மருத்துவர் தாமே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து ஆய்வேடு எழுத வேண்டும். அவ்வேடு ஏற்கப்பட்டால்தான் இறுதித் தேர்வுக்கு அவர் அமர இயலும். ஆராய்ச்சியின் இலக்கணத்தைக் கற்பிக்க, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்தும் இணையவழிப் பாடமொன்றும் 2019 முதல் இவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

‘வைத்தியம் பழகுவோருக்கு ஆராய்ச்சி எதற்கு?’ என்று சிலர் வினவலாம். இதற்கு விடையாக இரு வரலாறுகளைக் கூறுவோம்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் நகரம் உள்ளது. அங்கே 1981-இல் பாரி மார்ஷல் என்னும் இளைஞர் பொதுமருத்துவப் பயிற்சியில் இருந்தார். பயிற்சியின் ஒரு பகுதியாக ஏதேனும் ஓர் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. அதே மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியலார், இரைப்பைத் தசைத்துணுக்குகளில் சுருள் வடிவான நுண்ணுயிர்களைக் கண்டு, அவற்றின் பொருளை அறிய ஆவலுற்றிருந்தார். இருவரும் சேர்ந்தனர். அந்நுண்ணுயிரை ஆய்வகத்தில் வளர்க்க முயன்றபோது முதலில் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டே நாளில் தட்டுகளை எறிந்துவிடுவது அங்கே வழக்கம். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையின் காரணமாகத் தட்டுகள் சில நாட்கள் கூடுதலாகக் கிடந்தன, நுண்ணுயிர் வளர்ந்துவிட்டது. குடற்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. மார்ஷல் 1984-இல் அந்நுண்ணுயிரைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். பன்னெடுங்காலம் புளிப்பை அடக்கும் மருந்தை உண்டுவந்தவர்கள், சில நாள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குணமாகும் வழி பிறந்தது. 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தொடக்கமோ, பயிற்சிக்காக எடுத்துக்கொண்ட ஒரு சிறு பணிதான்.

இரண்டாவது வரலாறு நம் சென்னையில் நிகழ்ந்தது. எய்ட்ஸ் நோய் 1981-இல் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ‘அது பிறநாட்டு நோய்; நம் நாட்டில் தலைகாட்டாது’ என்று இங்கே பலரும் எண்ணியிருந்தனர். அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் மேற்படிப்புப் படித்துவந்தவர் செல்லப்பன் நிர்மலா. அவருடைய வழிகாட்டி டாக்டர் சுனிதி சாலமன், இந்நோய் நம்மிடையே உண்டா என்று பார்ப்பதையே ஆய்வேட்டுப் பொருளாகக் கொள்ளும்படி அவரைத் தூண்டினார்.

நிர்மலாவுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை, பெரும்பொருளும் இல்லை. பாலியல் தொழிலில் அகப்பட்டு இல்லங்களில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் அவர் இரத்த மாதிரிகள் திரட்டினார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்துக் காத்தார். சோதிக்கும் வசதி வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. எனவே 1986-இல் மாதிரிகளை எடுத்துக்கொண்டு, கணவரின் துணையுடன் இரவு ரயிலேறி வேலூர் சென்றார். அங்கே ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் நோய்க்கிருமியின் அடையாளம் தென்பட்டது. மீண்டும் சோதித்தும் முடிவு மாறவில்லை. இந்தியாவில் இந்நோய்த் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறுதான். மறு ஆண்டே, 1987-இல், நாட்டளவிலான எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஒரு மாணவியின் ஆய்வேடு ஒரு நாட்டையே விழிக்கச் செய்தது எனலாம்.

இவ்விரு வரலாறுகளும் கூறும் உண்மை ஒன்றே. ஆய்வகத்தில் மட்டும் இருப்பவருக்கு நோயாளியின் முனகல் கேட்பதில்லை. நோயாளியை மட்டும் பார்ப்பவருக்கு நின்று சிந்திக்க நேரம் கிடைப்பதில்லை. இரண்டிடத்திலும் கால்வைத்தவருக்கே, ‘நூலில் எழுதியிருப்பது இந்த நோயாளியிடம் ஏன் பொய்க்கிறது?’ என்ற கேள்வி பிறக்கிறது. பயிற்சிக் காலத்தில் அக்கேள்வி கூர்மையாகவே இருக்கிறது. ஏனெனில், பழக்கம் அப்போது கண்ணை மறைப்பதில்லை.

எனினும் மூன்றாண்டு என்பது குறுகிய காலம்; சில கேள்விகளோ ஓர் ஆயுளையே விழுங்கக்கூடியவை. அத்தகைய கேள்விக்கு நிலையான ஒரு நிறுவனம் வேண்டும். பெருங்கடவிளை மக்களுக்கு அணித்தான சான்று திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. அதுவே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-இல் அளித்த கட்டடத்தில் வேர்கொண்ட இந்நிறுவனம், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. ஒரு புறம் மருத்துவமனை. மறுபுறம் பூஜப்புரையில் பொறியாளரும் வேதியியலாரும் பணிபுரியும் பிரிவு. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து வளர்த்தவர் அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான். அவரும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் மாணவரே.

அயல்நாட்டிலிருந்து வந்த செயற்கை இதய வால்வுகளின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. இங்கேயே ஒன்றைச் செய்ய முனைந்தனர். முதல் மூன்று வடிவங்களும் தோல்வியுற்றன. நான்காவது வடிவம் நிலைத்தது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

அவர்கள் கையிலெடுத்த இன்னொரு கேள்வி மரச்சீனி உண்ணும் நம் எல்லைப்புற மக்களுக்கு நெருக்கமானது. கேரளத்தின் ஏழை இளைஞர் பலருக்கு இதயத்தின் உட்சுவர் தடித்து இறுகிப்போகும் ஒரு நோய் கண்டது. 1948-இல் உகாண்டாவில் விவரிக்கப்பட்ட அந்நோய் இங்கே ஏன் வந்தது? கடற்கரை மணலிலுள்ள மோனசைட் தாதுவின் சீரியம் என்னும் உலோகம் கிழங்கின் வழியே உடலிற் சேர்ந்து, உணவில் மக்னீசியம் குறைந்த நிலையில் இதயத்தைத் தாக்கியிருக்கலாம் என்று வலியத்தான் குழுவினர் கருதினர். இதை முடிந்த முடிபாக அறிவுலகம் இன்னும் கொள்ளவில்லை. நோயோ பிற்காலத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயினும் அறுவைக் கத்தியின் முனையில் தட்டுப்பட்ட இறுகிய தசையிலிருந்து வயலுக்கும் மணலுக்கும் கேள்வி சென்ற வழியை நாம் கவனிக்க வேண்டும். இத்தகைய பெருங்கேள்வியின் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டால், பயிற்சி மருத்துவரின் மூன்றாண்டு உழைப்பும் பயனுள்ளதாகும்.

குறைகளையும் மறைக்காமல் கூறுவோம். இரவுப் பணி முடித்துக் கண்ணெரிச்சலோடு வருபவர், நூலகத்தில் அமர்ந்து கணக்குப் போடுவது எளிதன்று. தேர்வு நெருங்கும்போது, கிடைத்த கேள்வியை அவசரமாக எடுத்து, சிலரிடமே விவரம் திரட்டி, கட்டாயத்துக்காக எழுதிக் கட்டிய ஏடுகளும் உண்டு. அவை நூலக அடுக்கில் தூசி படிந்து உறங்குகின்றன. பயிற்சிக் காலத்தில் ஆராய்ச்சிக்கென்றே சில மாதங்களை ஒதுக்குதலும், பொறுமையுள்ள வழிகாட்டியும், ‘இம்மருந்து பயன்படவில்லை’ என்ற முடிவையும் ஒரு முடிவாக மதித்தலுமே இதற்கு மருந்தாகும். அமெரிக்க அரசு 1964 முதல், மருத்துவமும் ஆராய்ச்சியும் சேர்த்துப் பயில்வோருக்குத் தனி உதவித்திட்டம் நடத்திவருகிறது. அவ்வளவு செல்வமுள்ள நாட்டிலேயே, ஆராயும் மருத்துவர் அருகிவரும் இனம் என்று 1979-இல் எச்சரிக்கை எழுந்தது.

இனி, நோயாளியின் ஐயத்துக்கு வருவோம். வைத்தியமா, சோதனையா? இரண்டும் ஒருவர் கையில் இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வைத்தியம் உங்கள் நலத்துக்காகவே செய்யப்படுவது. ஆராய்ச்சியோ, பின்வரும் நோயாளிகளுக்குப் பயன்படும் அறிவைத் தேடுவது. அதனால் உங்களுக்கு நன்மை விளையலாம்; விளையாமலும் போகலாம். ஆகவே ஒவ்வோர் ஆய்வும் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும். மருத்துவரல்லாத பொதுமக்களும் சட்டமறிந்தவர்களும் அக்குழுவில் இடம்பெறுவர். அதன்பிறகு நோயாளியின் ஒப்புதல் வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதில் தெளிவாக உள்ளன. ஆய்வின் நோக்கத்தையும், அதில் வரக்கூடிய இடரையும், நோயாளிக்குப் புரியும் மொழியில் கூற வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவராயின், சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஆராய்ச்சிக்கென்று செய்யும் சோதனைக்கு நோயாளியிடம் பணம் கேட்கலாகாது. அவரைப் பற்றிய விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். ‘எனக்கு விருப்பமில்லை’ என்று மறுக்கவும், இடையில் விலகவும் அவருக்கு உரிமை உண்டு. அதனால் அவருக்குரிய சிகிச்சை ஒரு சிறிதும் குறையலாகாது. சென்னையில் 1986-இல் நடந்ததைப் போன்ற ஓர் ஆய்வை இன்று ஒருவர் மேற்கொள்வாராயின், எந்த நோயை அறிய இரத்தம் எடுக்கிறோம் என்பதை ஒவ்வொரு பெண்ணிடமும் முதலில் விளக்கியாக வேண்டும்.

பிறமாநிலங்களில் வாழும் நம்மவர் மறக்கலாகாதது ஒன்று. புரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிடுதல் ஒப்புதல் ஆகாது. “எனக்குத் தமிழில் சொல்லுங்கள், அல்லது தமிழறிந்தவரை அழையுங்கள்” என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. அந்த இளம் மருத்துவருக்கும் அது நல்ல பாடமே. நோயாளிக்கு விளங்கும்படி கூறத் தெரியாத கேள்வி, அவருக்கே சரியாக விளங்காத கேள்வியாகவும் இருக்கக்கூடும்.

விளங்கியபின், மனம் இசைந்தால், தயங்காமல் உடன்படுங்கள். நாம் இன்று விழுங்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால், முன்பு எங்கோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து, ‘ஆகட்டும்’ என்று சொன்ன முகமறியா நோயாளிகள் இருக்கிறார்கள். கேட்பவர் நேர்மையாகக் கேட்டு, கொடுப்பவர் அறிந்து கொடுத்தால், அக்கட்டிலருகே பிறக்கும் கேள்வி ஒருவருக்கு மட்டுமன்றி ஊருக்கே மருந்தாகும்.