கோடைக்கால ஆய்வுப் பயிற்சி: ஆய்வகக் கதவு யாருக்குத் திறக்கிறது?

வேப்பூரிலிருந்து விருத்தாசலம் அரசு கலைக் கல்லூரிக்குப் பேருந்தேறும் முதல் தலைமுறை தலித் மாணவருக்கு மே மாதம் என்பது பெரும்பாலும் கூலி வேலைக்கான காலம். பெருநகரக் கல்லூரி மாணவருக்கோ அது ஆய்வகத்திற்குச் செல்லும் காலம். இந்த இடைவெளிக்குத் திறமை காரணமன்று. தகவலும் தொடர்புமே காரணம் என்கிறோம்.

பெங்களூரு, புது தில்லி, பிரயாக்ராஜ் ஆகிய நகரங்களில் இயங்கும் மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் இணைந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தை நடத்துகின்றன. தேர்வு பெறும் மாணவர் இரண்டு மாதங்கள் ஓர் அறிவியலாளரிடம் பணியாற்றுவார். உதவித்தொகையும் தொடர்வண்டிக் கட்டணமும் உண்டு. சென்னை ஐஐடி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் ஆகியவையும் தனித்தனியே இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன. பயிற்சியின் முடிவில் அந்த அறிவியலாளர் தரும் பரிந்துரைக் கடிதம், பின்னாளில் முனைவர் பட்டத்திற்கான கதவைத் திறக்கிறது.

ஆனால், அகாடமிகளின் திட்டத்திற்கு முந்தைய நவம்பரை ஒட்டியே விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. ஏப்ரலில் விசாரிப்பவருக்கு இடமில்லை. மதிப்பெண்ணோடு ஒரு சிறு கட்டுரையும், ஆசிரியரின் பரிந்துரையும் தேவை. யாரை ஆசிரியர் ‘ஆய்வுக்குரியவர்’ எனக் காண்கிறார் என்னும் இடத்தில்தான் சாதி ஓசையின்றிச் செயல்படுகிறது. ஆய்வகங்களின் மறுபுறத்தையும் காண வேண்டும். மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டை உறுதிசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டமே, மேற்சொன்ன டாடா நிறுவனத்திற்கும் ஜவஹர்லால் நேரு மையத்திற்கும் விலக்களித்துள்ளது. தேர்ந்தெடுக்கும் இருக்கையில் நம்மவர் அமர்வதற்கான சட்ட உறுதி அங்கே இல்லை.

எனவே மாணவர்கள் ஆகஸ்டிலேயே ஆசிரியரை அணுகிப் பரிந்துரை கேட்க வேண்டும். கட்டுரைக்குரிய பொருளை அயலில் தேட வேண்டியதில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வெண்களிமண் ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் தன் படிக அமைப்பில் பிணைந்த நீரை இழப்பதும், 1000 டிகிரியைக் கடந்தபின் முல்லைட் என்னும் கனிமம் உருவாவதும் சிறந்த ஆய்வுக் கேள்விகளே.

அரசுக் கல்லூரிகள் இவ்வறிவிப்புகளைச் செப்டம்பரிலேயே தமிழில் ஒட்ட வேண்டும். பயணத்திற்கும் முதல் மாதத் தங்கலுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறை முன்பணம் வழங்க வேண்டும். இரண்டு மாதக் கூலியை இழந்து செல்லும் மாணவரிடம், உதவித்தொகை வரும்வரை காத்திரு என்பது நீதியன்று. ஆய்வகம் சலுகையன்று, நம் உரிமை.