கணனிப் பெட்டகமும் திறவுகோலும்

புலம்பெயர்ந்த நாம் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, குடிவரவுக் கடிதம் ஆகியவற்றை இன்று கணனியிலே சேமித்து வைக்கின்றோம். அவற்றைப் பிறர் படிக்கவியலாத மறைகுறிகளாக மாற்றிக் காக்கும் மென்பொருளைத் தெரிவது எங்ஙனம்?

முதலாவதாக, அதன் அமைப்பு வெளிப்படையாக இருத்தல் வேண்டும். பொறிமுறையைப் பலர் அறிந்திருப்பினும் திறவுகோலின்றித் திறக்கவியலாததே நல்ல பூட்டு. 2001 இல் அமெரிக்கா தரநியமமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறை அத்தகையது.

இரண்டாவதாக, அது தொடர்ந்து பராமரிக்கப்படல் வேண்டும். பலர் நம்பியிருந்த ட்ரூகிரிப்ட் 2014 மே மாதத்தில் கைவிடப்பட்டது. அதன் வழிவந்த வெராகிரிப்டை 2016 இல் வெளியார் ஆராய்ந்து குறைகள் கண்டனர். அவற்றுட் பல திருத்தப்பட்டன.

மூன்றாவதாக, திறவுகோல் நம் கையிலேயே இருத்தல் நன்று. 2025 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் தனது இணையச் சேமிப்புக்குரிய உயர்நிலைப் பாதுகாப்பைப் பிரித்தானியாவில் புதிதாக வழங்குவதை நிறுத்தியது. நாமே பூட்டிய பின்னர் சேமிக்கும் கோப்புகளை அத்தகைய முடிவுகள் பாதிப்பதில்லை.

ஆயினும் கடவுச்சொல்லை மறந்தால் உரியவருக்கும் கதவு திறவாது. பூட்டு களவைத் தடுக்குமேயன்றி அழிவைத் தடுக்காது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது மறுபிரதி இல்லாத ஓலைச்சுவடிகள் அழிந்தே போயின. ஆதலின், கடவுச்சொல்லைத் தாளில் எழுதி நம்பிக்கைக்குரிய உறவினரிடமும், கோப்புகளின் பிரதியை வேறோரிடத்திலும் வைப்போமாக.