ஐந்தில் ஒரு பிள்ளை: வட்ஸ்அப்பில் பரவும் எண்ணும் அதன் பொருளும்

இங்கிலாந்தில் வசிக்கும் நமது உறவினர்கள் மத்தியில் ஒரு குரல்பதிவு சில வாரங்களாகச் சுற்றி வருகிறது. "அங்கே ஐந்து பிள்ளைகளில் ஒன்றை சோஷல் சேர்விஸ் எடுத்துக்கொள்கிறது, டொக்டரிடம் போகும்போதும் கவனமாக இருங்கள்" என்பதே அதன் சாரம். எனக்கு அது மூன்று குழுமங்களில் வந்து சேர்ந்தது. நான்காவது தடவை என் ராத்தாவின் மகள் லண்டனிலிருந்து அனுப்பி, "மாமா, இது உண்மையா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கடந்த வருடம் அவளுடைய கைக்குழந்தையின் முதுகில் நீலமாக ஏதோ இருப்பதைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் கண்டு, அடிபட்ட காயமாக இருக்குமோ என்று உள்ளூராட்சி சபைக்கு அறிவித்துவிட்டார்கள். தவழாத குழந்தையின் உடலில் கண்டல் தென்பட்டால் அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. சிறுபிள்ளை வைத்தியர் பார்த்துவிட்டு, அது பிறவியிலேயே வரும் நீல மறு என்றார். நம் ஆசியக் குழந்தைகளில் அது சர்வசாதாரணம், வளர வளர மறைந்துவிடும். விடயம் அத்துடன் முடிந்தது. ஆனால் அவள் அதை உம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னபோதும், "ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க மாமா" என்றுதான் ஆரம்பித்தாள். பெயரில்லாமல் எழுத அவளிடம் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

அந்த "ஐந்தில் ஒன்று" வெறும் கட்டுக்கதையல்ல, அதுதான் சிக்கல். அண்டி பில்சன், கேட்டி மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண் அது. 2009-10 நிதியாண்டில் பிறந்த பிள்ளைகளை எடுத்து, அவர்களில் எத்தனை பேர் ஐந்து வயதை எட்டுமுன் ஒரு தடவையேனும் சிறுவர் நலச் சேவைக்கு அறிவிக்கப்பட்டார்கள் என்று உள்ளூராட்சி சபைகளிடம் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டார்கள். பதில் தந்த பகுதிகளில் 22.5 வீதம். அதாவது ஐந்தில் ஒன்றுக்குச் சற்று அதிகம்.

அறிவிக்கப்பட்டார்கள், அவ்வளவுதான். குரல்பதிவு செய்தவர் அந்தச் சொல்லை "எடுத்துக்கொண்டார்கள்" என்று மாற்றிவிட்டார்.

இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் பல படிகள் இருக்கின்றன. முதலில் பாடசாலை, வைத்தியர், பொலிஸ், அயலவர் என யாராவது அறிவிப்பது. அடுத்து சமூக சேவை உத்தியோகத்தர் குடும்பத்தின் நிலையை மதிப்பிடுவது. பிள்ளைக்குப் பாரதூரமான தீங்கு நேரலாம் என்று சந்தேகிக்க நியாயம் இருந்தால்தான் 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 47ஆம் பிரிவின் கீழ் விசாரணை. அதற்கு மேல், பிள்ளை வீட்டிலேயே இருக்க, பாதுகாப்புத் திட்டம். அதுவும் போதாதபோதுதான் பெரும்பாலும் நீதிமன்றமும் பிள்ளையைப் பிரிப்பதும். அதே ஆய்வில் ஐந்து வயதுக்குள் 47ஆம் பிரிவு விசாரணை வரை போனவர்கள் பத்தொன்பதில் ஒருவர். அறிவிக்கப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப்பேர் அந்தப் படிக்கே போகவில்லை. என் மருமகளின் குழந்தையும் அந்த முக்கால்வாசியில் ஒன்று.

இனி அரசாங்கப் புள்ளிவிபரத்தைப் பார்ப்போம். 2022 மார்ச் 31 அன்று இங்கிலாந்தில் அரச பராமரிப்பில் இருந்த 18 வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 82 ஆயிரம் பேர், 10,000 பிள்ளைகளுக்கு 70 பேர். பாதுகாப்புத் திட்டத்தில் சுமார் 51 ஆயிரம் பேர். உதவி தேவைப்படுவோர் என்று பதிவான எல்லோரையும் சேர்த்தாலும் நான்கு இலட்சத்துக்குச் சற்று மேல்தான், அதாவது மூன்று வீதத்தை ஒட்டியது. 3 வீதம் எங்கே, 22 வீதம் எங்கே? யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஊர் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள், நூறோ நூற்றைம்பதோ வரும். கடந்த ஐந்து வருடத்தில் ஒரு தடவையேனும் அந்த வாசலுக்குப் போனவர்கள் யார் என்று வீடு வீடாகக் கேளுங்கள், ஊரில் பெரும்பகுதி வந்துவிடும். அரசாங்கத்தின் எண் முதல் வகை. பில்சனின் எண் இரண்டாவது வகை. அந்த நாளில் வரிசை எவ்வளவு நீளம் என்பதை முதலாவது சொல்லும். ஒரு தலைமுறையில் எத்தனை வீடுகளின் கதவு தட்டப்பட்டது என்பதை இரண்டாவதுதான் சொல்லும்.

வருடாந்த அறிவிப்புகளைக் கூட்டினால் இதற்கு விடை கிடைக்காதா என்று ஒருவர் கேட்கலாம். கிடைக்காது. இங்கிலாந்தில் வருடத்துக்கு ஆறு இலட்சத்துக்கு மேல் அறிவிப்புகள் வருகின்றன. அவற்றில் ஐந்தில் ஒன்றளவு, முந்திய பன்னிரண்டு மாதத்துக்குள் ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட அதே பிள்ளையைப் பற்றியவை. கூட்டினால் ஒரே பிள்ளை இரண்டாக, மூன்றாக எண்ணப்படும். எனவே பிறந்த வருடத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் பின்தொடர்வதுதான் வழி.

இதைச் சிறப்பாகச் செய்தது கலிபோர்னியா. எமிலி புட்னம்-ஹோர்ன்ஸ்டைனும் பார்பரா நீடெலும் 2002இல் அங்கு பிறந்த ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பிறப்புப் பதிவுகளையும் சிறுவர் பாதுகாப்புப் பதிவுகளையும் ஒன்றோடொன்று பொருத்தினார்கள். ஐந்து வயதுக்குள் 14 வீதம் பேர் அறிவிக்கப்பட்டிருந்தார்கள். நியூசிலாந்தில் 1998இல் பிறந்தவர்களை 17 வயது வரை தொடர்ந்தபோது 23.5 வீதம் அறிவிக்கப்பட்டும், 9.7 வீதத்தினருக்குத் தீங்கு நேர்ந்தது உறுதிப்பட்டும், 3.1 வீதத்தினர் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டும் இருந்தார்கள். ஒரே தலைமுறை, மூன்று எண்கள். ஒன்றைச் சொல்லி மற்ற இரண்டையும் விட்டுவிடுபவரை நம்புவது கடினம்.

இப்படி எண்ணுவதில் வேறொரு உண்மையும் வெளியே வருகிறது. இங்கிலாந்தின் மிக வறிய பத்து வீத அயல்களில் வாழும் பிள்ளை, மிக வசதியான பத்து வீத அயல்களில் வாழும் பிள்ளையைவிட, பாதுகாப்புத் திட்டத்திலோ அரச பராமரிப்பிலோ இருக்கும் வாய்ப்பு பத்து மடங்குக்கும் அதிகம் என்று போல் பைவாட்டர்ஸ் தலைமையிலான ஆய்வுகள் காட்டின. மதம் கதவைத் தட்டவைக்கிறது என்பதைவிட வறுமை தட்டவைக்கிறது என்பதற்கே அங்கு ஆதாரம் வலுவாக உள்ளது. ஆசியப் பிள்ளைகள் சனத்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிடக் குறைவாகவே அரச பராமரிப்பில் இருக்கிறார்கள். அது நம் குடும்பக் கட்டமைப்பின் பலமா, அல்லது நம் வீடுகளில் நடப்பது வெளியே வருவதில்லையா? இரண்டும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம். முதலாவதை மாத்திரம் மேடையில் பேசுவது நமக்குப் பழகிவிட்டது.

பில்சனின் சொந்த முடிவு அமைப்புக்குச் சாதகமானதல்ல. இவ்வளவு பேரைச் சந்தேகத்தின் பேரில் விசாரிப்பது குடும்பங்களை அச்சுறுத்துகிறது, உண்மையில் ஆபத்திலுள்ள பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய நேரத்தையும் தின்கிறது என்பது அவர் வாதம். அதை நான் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் குரல்பதிவு போதிப்பது வேறு: டொக்டரிடம் போகாதே என்கிறது. என் மருமகளின் சிநேகிதி ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, பிள்ளையின் தடுப்பூசித் தவணையைத் தள்ளிப்போட்டாளாம். நீல மறு இருந்தால் பிறந்ததுமே தாதியிடம் காட்டி, பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொன்னால் போதும். பின்னர் யாரும் கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

நம் நாட்டிலும் இதே குழப்பம் உண்டு. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 இலக்கம் ஊடாகவும் வேறு வழிகளிலும் வருடந்தோறும் பல ஆயிரம் முறைப்பாடுகள் வருகின்றன. பத்திரிகைகள் அதை "இத்தனை ஆயிரம் பிள்ளைகள்" என்று தலைப்பிடும். முறைப்பாடு வேறு, பிள்ளை வேறு. நன்னடத்தைச் சேவையோ மாகாணங்களின் கீழ் உள்ளது. பொலிஸ் பதிவு தனி. சிறுவர் இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்பதை ஆய்வுகள் பலமுறை சொல்லிவிட்டன. ஆனால் அந்தப் பிள்ளை இல்லத்துக்கு வருமுன் எத்தனை அலுவலகங்களின் பதிவேட்டில் ஏறியது என்பதை ஒரே இடத்தில் பார்க்க முடியாது.

இத்தனைக்கும் நம்மிடம் பிறப்புப் பதிவு ஏறக்குறைய முழுமையாக நடக்கிறது. கிராமத்துக் குடும்ப சுகாதார மாதுவின் பதிவேட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் இருக்கிறது. பல பணக்கார நாடுகளில்கூட இப்படி வீடு வீடாகத் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் இல்லை. பிள்ளையின் அந்தரங்கத்தைக் காத்தபடி, பிறப்புச் சான்றிதழ் இலக்கத்தைக் கொண்டு இந்தப் பதிவுகளைப் பொருத்தினால், ஒரு மாவட்டத்தில் ஒரு வருடம் பிறந்தவர்களை வைத்தாவது இந்தக் கணக்கைத் தொடங்கலாம்.

மருமகளுக்கு இதையெல்லாம் விளக்கினேன். சற்று நேரம் கழித்து, "அப்ப நான் மட்டும் இல்லையா மாமா?" என்று எழுதினாள். அன்றிரவே ராத்தாவிடமும் சொல்லிவிட்டாளாம்.