மோட்டார் சுருள் கருகுவது ஏன்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. ஆயினும் அவற்றுக்கிடையே கிணற்று நீரில் நெல் விளையும் வயல்கள் இன்னும் உள்ளன. நவரைப் பட்டத்தில் கதிர் வெளிவரும் தருணத்தில் மோட்டார் எரிந்துவிட்டால், சுருள் கட்டி வரும்வரை பயிர் காத்திராது, பதர்தான் மிஞ்சும். தொழிற்சாலைகளில் மின்னளவுகளைக் கவனிக்கவென்றே ஆள் உண்டு. கிணற்றுக் கொட்டகையிலும் வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றின் மேல் படிந்த புழுதியைத் துடைக்கத்தான் ஆள் இல்லை.

மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும், ஆகவே மோட்டாருக்குக் கெடுதல் இல்லை என்று விவசாயிகள் பலர் எண்ணுகின்றனர். 1827-ல் ஜெர்மானிய அறிஞர் ஓம் வெளியிட்ட விதிப்படி, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். மின் அடுப்பின் தடை அதிகம் மாறுவதில்லை. எனவே அங்கு வோல்ட் இறங்கினால் ஆம்பியரும் இறங்கும். மோட்டாரின் கதை வேறு. ஏற்ற வேண்டிய நீரின் சுமை அப்படியே இருப்பதால், அது கூடுதல் ஆம்பியரை இழுத்து ஈடுகட்டுகிறது.

மும்முனை மோட்டார் எடுக்கும் மின்திறனை அறிய வோல்ட், ஆம்பியர், 1.732, திறன் காரணி ஆகிய நான்கையும் பெருக்க வேண்டும். திறன் காரணியை 0.8 எனக் கொள்வோம். 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுக்கும் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ 4,310 வாட் செல்கிறது. இதில் 3,730 வாட் சுழலும் வேலையாகிறது. மீதி வெப்பமாக வீணாகிறது. மின்னழுத்தம் 350 வோல்ட்டாகச் சரிந்தால் அதே வேலைக்கு 8.9 ஆம்பியர் தேவை.

கூடுவது ஒன்றரை ஆம்பியர்தானே என்று இருந்துவிடலாகாது. ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதைத் தடையாலும் பெருக்கினால் வருவதே சுருளில் எழும் வெப்பம். 7.5-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 56, 8.9-ஐப் பெருக்கினால் 79. அதாவது வெப்பம் நூற்றுக்கு 40 பங்கு உயர்கிறது. மூன்று முனைகளில் ஒன்று அறுந்தால் நிலை இன்னும் மோசம். எஞ்சிய இரண்டிலும் 13 ஆம்பியர் வரை பாயும். வெப்பம் மூன்று மடங்காகும். தானியங்கி ஸ்டார்ட்டர் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவோர், முனை குறைந்தால் நிறுத்தும் கருவியையும் சேர்த்தே வைத்தல் வேண்டும். ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் பெயர்ப்பலகையில் கண்ட ஆம்பியருக்குச் சரிசெய்ய வேண்டும். அது அடிக்கடி விழுகிறதென்று அளவை ஏற்றி வைப்பது சுருளுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். 350 வோல்ட்டைத் தொட்டதுமே மோட்டாரை நிறுத்திவிடுவது நல்லது.

415-ஐ 7.5-ஆல் வகுத்து, 55 ஓம் சுருளின் தடை எனக் கொள்வது தவறு. ஓடும் மோட்டாரில் மின்னோட்டத்தைப் பெரிதும் தடுப்பது காந்தப்புல விளைவே. செம்புச் சுருளின் சொந்தத் தடை சில ஓம்கள்தாம். அதை அளக்க, மின்சாரத்தைத் துண்டித்து, இணைப்புக் கம்பிகளைக் கழற்றி, ஓம் மீட்டரை இரண்டிரண்டு முனைகளில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று அளவுகளும் ஒத்திருந்தால் சுருளில் பெரும் பழுதில்லை எனலாம். ஒன்று மட்டும் தெளிவாக மாறுபட்டால், மீண்டும் ஓட்டிப் பார்க்காமல் பழுதுபார்ப்பவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.