ஹெட்போன் அம்ப்: பெட்டியைக் கொடுக்கு முன் கேட்க வேண்டியவை

வீட்டில் படம் பார்க்கவும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் போன்ற கருவிகளில் விளையாடவும் ஹெட்போன் அம்ப் ஒன்று தேவை என்று கேட்டு வரும் வாடிக்கையாளர்களை இலத்திரனியல் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இப்போது அடிக்கடி சந்திக்கின்றீர்கள். தேவை நியாயமானதுதான். உம்மா உறங்கும் நேரம், அடுத்த அறையில் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும் நேரம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். சத்தத்தைக் காதுக்குள் அடக்கிக்கொள்ள யாரும் விரும்புவர். எதைப் பார்க்கின்றார்கள், எத்தனை மணி நேரம் பார்க்கின்றார்கள் என்பது உலமாக்கள் எழுத வேண்டிய விடயம். நான் கடைப்பக்கத்தை மட்டும் எழுதுகின்றேன்.

அம்ப் என்றதும் எம்மவர் உடனே வொட் கணக்கைப் பார்க்கின்றனர். வாங்க வருபவரும் அதைத்தான் பார்க்கின்றார். ஆனால் நான் கண்ட வரையில், திரும்பி வரும் பெட்டிகள் பெரும்பாலும் வொட் குறைந்து வருபவை அல்ல. டீவியிலிருந்தோ விளையாட்டுக் கருவியிலிருந்தோ சத்தம் அந்தப் பெட்டிக்குள் போக வழி இல்லாததால் வருபவை. பொருளில் பழுது இல்லை, பிரித்த பெட்டியை மீண்டும் புதிது என்று விற்கவும் முடியாது. முதல் அப்படியே முடங்கிவிடுகின்றது. ஆகவே முதற் கேள்வி, "தம்பி, இதை எதில் மாட்டப் போகின்றீர்கள்?" என்பதாக இருக்கட்டும்.

சந்தையில் ஹெட்போன் அம்ப் என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் பொருட்கள் உள்ளன. ஒன்று வெறும் அம்ப். ஏற்கனவே ஒலி மின்னோட்டமாக வரும் சிக்னலைப் பெரிதாக்குவது மட்டுமே அதன் வேலை. மற்றையது டி.ஏ.சி. என்ற பகுதியையும் உள்ளே கொண்டது. டீவியும் விளையாட்டுக் கருவிகளும் இலக்க வடிவில் வெளியிடும் சிக்னலை ஹெட்போனுக்கு ஏற்ற மின்னோட்டமாக மாற்றுவது இந்த டி.ஏ.சி.தான். இன்றைய டீவிகள் பலவற்றில் ஹெட்போன் துளையே இல்லை, ஒப்டிகல் துளை மட்டும் இருக்கின்றது. அப்படியான டீவி வைத்திருப்பவருக்கு வெறும் அம்ப்பை விற்றால், எவ்வளவு உயர்ந்த அம்ப்பாக இருந்தாலும் அது மேசையில் கிடக்கும் இரும்புத் துண்டுதான்.

விளையாட்டுக் கருவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் ஒப்டிகல் துளை இருந்தது. 2016இல் வந்த ஸ்லிம் வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள், அதே வருடம் வந்த புரோவில் வைத்திருந்தார்கள். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் ஒப்டிகல் கிடையாது. ஆனால் அதன் யூ.எஸ்.பி. துளையில் டி.ஏ.சி. பெட்டியை நேரடியாக மாட்டலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. யூ.எஸ்.பி. ஒலியில் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று இரண்டு முறைகள் உள்ளன. பிளேஸ்டேஷன் 5 முதலாம் வகுப்பை ஏற்கின்றது. கணினிக்கென்று செய்யப்பட்ட நல்ல பெட்டிகள் பல இரண்டாம் வகுப்பில் வேலை செய்பவை. சிலவற்றில் வகுப்பை மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் இருக்காது. கொள்வனவு செய்யும்போதே விநியோகஸ்தரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். "யூ.எஸ்.பி. இருக்கின்றது" என்ற பதில் போதாது.

எக்ஸ்பொக்ஸ் இதற்கு நேர்மாறு. பொதுவான யூ.எஸ்.பி. டி.ஏ.சி.களை அது ஏற்பதே இல்லை. பழைய எக்ஸ்பொக்ஸ் வன் வரிசையில் ஒப்டிகல் இருந்தது, 2020இல் வந்த சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டிலும் இல்லை. ஆகவே அவர்களுக்கு உள்ள வழிகள் மூன்று: கையில் பிடிக்கும் கொன்ட்ரோலரின் ஹெட்போன் துளை, டீவியின் ஒப்டிகல், அல்லது எச்.டி.எம்.ஐ. வயரிலிருந்து சத்தத்தைப் பிரித்தெடுக்கும் சிறிய பெட்டி. இந்தக் கடைசிப் பெட்டியில் கவனம் தேவை. மலிவானவை பல, 4கே படத்தை விநாடிக்கு 120 தடவை அனுப்பும் வேகத்தைத் தாங்காது. சத்தம் கிடைக்கும், படத்தின் தரம் இறங்கிவிடும். நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவருக்கு இவ்வளவு தொல்லை இல்லை. கருவியிலேயே ஹெட்போன் துளை உண்டு, அதை டீவியோடு இணைக்கும் தட்டில் யூ.எஸ்.பி. ஒலியும் 2017 முதல் வேலை செய்கின்றது.

கருவி எதுவாக இருந்தாலும் டீவியின் ஒப்டிகல்தான் பொது வழி. அது உள்ள டீவியில் படம், விளையாட்டு, கேபிள் டீவி எல்லாவற்றின் சத்தமும் அந்த ஒரு துளையால் வரும். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் சென்ற வருடம் ஒரு இளைஞர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "நானா, இது பழுது. படத்துக்குச் சத்தமே இல்லை. ஆனா யூடியூப் பாட்டு மட்டும் கேட்குது" என்றார். கடைக்காரர் மாற்றுப் பெட்டி கொடுத்தார், அதுவும் மறுநாள் திரும்பி வந்தது. மூன்றாவது நாள் வீட்டுக்கே போய்ப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. டீவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு டொல்பி என்று வைக்கப்பட்டிருந்தது. இரண்டு காது ஹெட்போனுக்கான சாதாரண டி.ஏ.சி.க்கு டொல்பி சிக்னலைப் பிரிக்கத் தெரியாது. ஒன்றில் மௌனமாக இருக்கும், இல்லையேல் கரகரக்கும். ரிமோட்டை எடுத்து அதை பி.சி.எம். என்று மாற்றியதும் சத்தம் வந்தது. ஒரு நிமிட வேலை. இதை ஒரு துண்டுக் கடதாசியில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுப் பெட்டியோடு கொடுத்தால் பாதிப் பிரச்சினை கடையோடு முடிந்துவிடும். இன்னொன்று, ஒப்டிகலில் வரும் சத்தத்தைப் பெரும்பாலான டீவி ரிமோட்டுகளால் கூட்டிக் குறைக்க முடியாது. சத்தத்துக்கான திருகு பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

படம் பார்ப்பவர் பேசுவதில்லை, விளையாடுபவர் பேசுகின்றார். மற்ற ஊர்களில் உள்ள கூட்டாளிகளோடு விளையாடும்போது ஒலிவாங்கி தேவை. ஒப்டிகல் வயர் ஒருவழிப் பாதை, அதில் பேச்சு திரும்பிப் போகாது. யூ.எஸ்.பி. டி.ஏ.சி. பெட்டிகள் பலவற்றிலும் ஒலிவாங்கிக்கான துளை இல்லை. பிளேஸ்டேஷன் 5இன் கொன்ட்ரோலரிலேயே ஒலிவாங்கி இருப்பதால் அவர் தப்பித்துக்கொள்வார். மற்றவர்களுக்கு, விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட பெட்டி பொருத்தமாக இருக்கலாம். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் எக்ஸ் ஜீ6 அந்த வகையைச் சேர்ந்தது. ஒப்டிகல் உள்ளே போகும், ஒலிவாங்கித் துளை உண்டு, டொல்பி சிக்னலையும் அது தானே பிரிக்கும்.

வழி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனித்தான் வொட் கணக்கு. உண்மையில் அந்த வாடிக்கையாளருக்கு அம்ப் தேவைதானா? இதற்குப் பதில் அம்ப் பெட்டியில் இல்லை, ஹெட்போன் பெட்டியில் இருக்கின்றது. அங்கே இரண்டு இலக்கங்களைத் தேடுங்கள். ஒன்று ஓம், அதாவது மின்தடை. மற்றையது உணர்திறன், அதாவது 1 மில்லிவொட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வரும் என்பது.

படங்களுக்குப் பாட்டை விடக் கூடுதல் இடம் தேவை. சாதாரண வசனம் ஒரு மட்டத்தில் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று வெடிப்பு வந்தால் அது 20 டெசிபெல் மேலே பாயும். 20 டெசிபெல் என்றால் மின்வலுவில் 100 மடங்கு. அதனால் உச்சத்துக்கு 105 டெசிபெல் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். 32 ஓம், 100 டெசிபெல் உள்ள சாதாரண ஹெட்போனுக்கு அந்த உச்சத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிவொட் போதும். வோல்ட் கணக்கில் 0.32. கைத்தொலைபேசி போன்ற சிறிய கருவிகளே பொதுவாக அரை முதல் ஒரு வோல்ட் வரை கொடுக்கும். அவருக்கு அம்ப் தேவையில்லை. பேயர்டைனமிக் டி.ரி. 770 புரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 250 ஓம் வடிவத்தின் உணர்திறன் 96 டெசிபெல். அதே உச்சத்துக்கு 8 மில்லிவொட், 1.4 வோல்ட். சிறிய கருவி இங்கே மூச்சு வாங்கும், ஓர் அம்ப் உதவும். அதே ஹெட்போன் 32 ஓமிலும் 80 ஓமிலும்கூட வருகின்றது, தோற்றம் ஒன்றுதான். ஆகவே மாதிரிப் பெயரை மட்டும் கேட்டு அம்ப் விற்காதீர்கள், ஓமையும் கேளுங்கள்.

ஓம் குறைவென்றால் சுலபம் என்றும் எண்ண வேண்டாம். ஹைஃபைமேன் எச்.ஈ.6 என்ற ஹெட்போன் 50 ஓம்தான். ஆனால் உணர்திறன் 83.5 டெசிபெல். கணக்குப் போட்டால் அந்த உச்சத்துக்கு 140 மில்லிவொட்டுக்கு மேல் கேட்கின்றது. மேலே சொன்ன 32 ஓம் ஹெட்போனை விட 40 மடங்கு கூடுதல்.

அம்ப் பெட்டியில் அச்சிட்ட இலக்கத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். "500 மில்லிவொட்" என்றால் எத்தனை ஓமில் என்று கேளுங்கள். 4 வோல்ட் கொடுக்கும் ஓர் அம்ப் 32 ஓமில் 500 மில்லிவொட் தரும். அதே அம்ப் 300 ஓம் கொண்ட சென்ஹைசர் எச்.டி. 650 போன்ற ஒன்றில் 53 மில்லிவொட்தான் தரும். அதற்கு அது தாராளம், ஆனால் இலக்கம் வேறு. கசெட் செட் விற்ற காலத்தவர்களுக்கு பி.எம்.பி.ஓ. என்று முன்பக்கத்தில் ஒட்டியிருந்த ஆயிரக்கணக்கான வொட்டுகள் நினைவிருக்கும். அந்த வொட்டுகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. இன்று அதே இடத்தில் "7.1" என்ற ஸ்டிக்கர் நிற்கின்றது. உள்ளே இருப்பவை பெரும்பாலும் காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர்கள். சத்தம் பின்னாலிருந்து வருவது போன்ற உணர்வு மென்பொருளின் வேலை. பிளேஸ்டேஷன் 5 அந்த வேலையைத் தானே செய்கின்றது, எக்ஸ்பொக்ஸும் செய்கின்றது. கருவி ஒரு தடவை செய்ததை அம்ப் பெட்டி மறுதடவையும் செய்தால் காலடி ஓசை எந்தத் திசையிலிருந்து வருகின்றது என்பதே குழம்பிவிடும். இரண்டில் ஒன்றை நிறுத்தச் சொல்லுங்கள்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மேலே தெரியும்படி வைத்திருக்கக்கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டதுதான். ஸ்டிக்கர் ஒட்டியவன் தொழிற்சாலைக்காரன், நாம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அதன் பொருள் தெரிந்த பின்னர், கேட்கும் தம்பிக்கு விளக்காமல் காசை வாங்குவது என்ன கணக்கு என்பதை ஒவ்வொருவரும் யோசிக்கட்டும். அம்ப் தேவையில்லாதவரிடம் "உங்களுக்குத் தேவையில்லை" என்று சொன்னால் ஒரு விற்பனை போகும். அவர் அடுத்த டீவியை எங்கே வாங்குவார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

புளூடூத் பற்றியும் கேட்பார்கள். படத்துக்குச் சமாளிக்கலாம், பல டீவிகள் படத்தைச் சற்றுத் தாமதித்து உதட்டசைவைச் சரிசெய்யும். விளையாட்டுக்கு உகந்ததல்ல. சாதாரண புளூடூத்தில் சத்தம் கால் விநாடி வரை பிந்தி வருவதுண்டு. வெடி பட்ட பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்டு என்ன பயன்?

அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் வரும் அம்ப்புகளில் அடெப்டரைப் பார்க்காமல் மாட்டவே வேண்டாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. கைத்தொலைபேசி சார்ஜர் இரண்டையும் தாங்கும் என்பதால் இதுவும் தாங்கும் என்று நினைக்கின்றார்கள். சில அம்ப்புகளுடன் வருவது பழைய பாணி ட்ரான்ஸ்ஃபோமர், அது புகைந்துவிடும். அதற்குப் பதிலாக வேறொன்று வாங்கும்போது வோல்ட் மட்டும் ஒத்திருந்தால் போதாது. அந்த அம்ப்புகளில் சில ஏ.சி. வெளியீடு தரும் அடெப்டரைக் கேட்பவை. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதோ டி.சி. அடெப்டர்.

பிள்ளைகளுக்கு வாங்க வரும் வாப்பாமாரிடம் ஒரு விடயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நியமத்தின்படி, வளர்ந்தவர் வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவருக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல்தான். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 80இல் 40 மணி நேரம் என்றால் 89இல் 5 மணி நேரம், அதுவும் முழு வாரத்துக்கு. சாதாரண ஹெட்போனை ஒரு பலமான அம்ப்பில் மாட்டிக் கொடுத்தால் பிள்ளையின் காதுக்குள் 110 டெசிபெல் போவதைத் தடுக்க எதுவும் இல்லை. கேட்கும் சக்தி ஒரு தடவை போனால் திரும்பி வராது.

சரக்கு எடுப்பதைப் பொறுத்தவரை, பத்து மாதிரிகளை அடுக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2022 மார்ச் வரை 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டிய கதை நமக்குத் தெரியும். அந்த நாட்களில் சரக்கு வைத்திருந்தவர் சிரித்தார் என்பார்கள். ஆனால் ஆறு மாதத்தில் புது மாதிரி வரும் பொருளில் அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஒப்டிகல், யூ.எஸ்.பி. இரண்டும் உள்ள, வகுப்பு மாற்றக்கூடிய, சத்தத் திருகு கொண்ட, 5 வோல்ட் யூ.எஸ்.பி. மின்சாரத்தில் இயங்கும் ஒரு மாதிரி. ஒலிவாங்கித் துளை உள்ள விளையாட்டுப் பெட்டி ஒன்று. 300 ஓம்காரர் வந்தால் முற்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுக்கலாம். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டீவியில் ஓர் ஒப்டிகல் வயரை நிரந்தரமாக மாட்டி வைத்து, வாடிக்கையாளர் தன் சொந்த ஹெட்போனைக் கொண்டுவந்து கேட்டுப் பார்க்க விடுங்கள்.

அந்த வயரின் இரு முனைகளிலும் சிறிய பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமலே செருகப் பார்த்து, துளை சிறியது என்று பலமாக அழுத்தி டீவியின் துளையை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு. பெட்டியைக் கொடுக்கும்போதே கழற்றிக் காட்டிவிடுங்கள்.