இரும்புக் கல் ஒட்டுகிறதா? ஒதுக்கி வைக்காதீர்கள்



சென்ற ஆண்டு சுயதொழில் உதவியாக, வீட்டு வாசலில் தோசைக் கடை போடத் தொடங்கிய நம் மஹல்லா சகோதரிகள் சிலருக்கு அடுப்போடு ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பல கற்கள் கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தன. "மாவு ஒட்டிக்கிட்டு பிய்ஞ்சு பிய்ஞ்சு வருது பாய். வந்தவங்க திரும்பிப் போறாங்க. அதான் நான்ஸ்டிக் வாங்கிட்டேன்" என்றார் ஒரு சகோதரி. அந்த நான்ஸ்டிக் கல்லும் மூன்று மாதத்தில் பூச்சு உரிந்து, இரண்டாவது வாங்கியிருந்தார். இன்னொரு வீட்டில் கல் இரண்டாகப் பிளந்திருந்தது. ஹோட்டல் மாஸ்டர் செய்வதைப் பார்த்து, கொதிக்கும் கல்லில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டாராம்.

தவறு நம்முடையதுதான். கல்லைக் கொடுத்தோம், அதைப் பழக்கிக் கொடுக்கவில்லை. பழக்கும் முறையையும் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம். கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, எல்லா வீடுகளுக்கும் இது பயன்படும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் 'இரும்புக் கல்' என்று கேட்டால் இரண்டு வகையைக் காட்டுவார்கள். ஒன்று தகட்டு இரும்பு. வெட்டி, அடித்து வடிவாக்கியது. மெல்லியது, சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறிவிடும். மற்றொன்று வார்ப்பிரும்பு. உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி எடுத்தது. தடிமனும் கனமும் அதிகம், மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். சூடாக நேரம் எடுக்கும், ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்து இருபது தோசை வார்ப்பவருக்கு இதுதான் வசதி.

வார்ப்பிரும்பில் கரி (கார்பன்) இரண்டு சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அது வளையாது, உடையும். கீழே விழுந்தாலும் உடையும், சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டாலும் விரிசல் விடும். பரோட்டாக் கடையில் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்க்கிறார்களே என்றால், அது தடித்த எஃகுத் தகடு. அதற்கு ஒன்றும் ஆகாது. நம் கல்லுக்கு ஆகும்.

வாங்கும்போது விரல் மடக்கிக் கல்லைத் தட்டிப் பாருங்கள். நல்ல கல் மணி போல் ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஓசை மங்கலாக இருக்கும். சமமான தரையில் வைத்து ஓரத்தை அழுத்துங்கள், ஆடினால் வேண்டாம். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கொஞ்சம் எண்ணெய் அழுக்கு வந்தால் பரவாயில்லை, சாயம் போலக் கருப்பு வழிந்து வந்தால் அது வெறும் பூச்சு. காந்தம் ஒட்டினால் வார்ப்பிரும்பு என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். தகட்டு இரும்பிலும் காந்தம் ஒட்டும், எனவே அதை வைத்து முடிவு செய்ய முடியாது. 10 அங்குலக் கல்லே சுமார் 2 கிலோ இருக்கும். வயதான உம்மாமார்கள் புழங்கும் வீட்டில் அதற்கு மேல் பெரிதாக வாங்க வேண்டாம். இரண்டு பக்கமும் பிடி இருந்தால் இன்னும் நல்லது.

இனி பழக்குவது. எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவிப் புகையும் அளவுக்குச் சூடாக்கினால், அது காற்றோடு கலந்து இறுகி, வார்னிஷ் போல இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படலம்தான் மாவை ஒட்டவிடாமல் தடுக்கிறது, துருவையும் தடுக்கிறது. வேறு ரகசியம் எதுவும் இல்லை.

புதுக் கல்லைச் சோப்பும் தேங்காய் நாரும் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு, நம் பெரியவர்கள் செய்ததுபோல, வடிகஞ்சியிலோ அரிசி களைந்த தண்ணீரிலோ ஊற வையுங்கள். இரண்டு மூன்று நாள் போதும், தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். கஞ்சி புளிக்கும்போது உண்டாகும் இலேசான அமிலம் துருவையும் ஆலை அழுக்கையும் இளக்கிவிடும். தண்ணீர் கறுத்து வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். 'முன்பே பழக்கியது' என்று எழுதி விற்கும் கல்லுக்கு இந்த ஊறல் தேவையில்லை, கழுவினால் போதும்.

கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் முழுவதும் போகக் காய வையுங்கள். கல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இரண்டு சொட்டு நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ விட்டு, பின்புறம், ஓரம், பிடி எல்லா இடத்திலும் தடவுங்கள். அடுத்ததுதான் முக்கியம். தடவிய எண்ணெயை, தவறுதலாகத் தடவிவிட்டதுபோல நினைத்து, காய்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. எண்ணெய் தடிமனாக நின்றால் இறுகாமல் பிசுபிசுவென்று ஆகும், மாவு இன்னும் மோசமாக ஒட்டும். பிறகு சிறு தீயில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டி, புகை வந்து அடங்கும்வரை சூடாக்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பை அணைத்துத் தானாக ஆற விடுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்தால் பழுப்பு நிறம் மாறிக் கருப்பு ஏறும். தேங்காய் எண்ணெய் இவ்வளவு நன்றாக இறுகாது, அதனால் பழக்குவதற்கு அதைச் சொல்வதில்லை.

முதல் வாரம் வெங்காயம் வதக்குங்கள், எண்ணெய் தாராளமாக விட்டுச் சின்னச் சின்னத் தோசையாக வாருங்கள். முட்டைக்கு அவசரப்பட வேண்டாம். குளிர்பெட்டியில் இருந்து எடுத்த மாவை நேராக ஊற்றாதீர்கள். கல்லில் சில துளி நீர் தெளித்தால் அவை உருண்டு ஓட வேண்டும், அப்போது மாவை ஊற்றலாம். துளி தெளிப்பதற்கும் குவளையால் ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை மேலே சொல்லிவிட்டோம்.

வேலை முடிந்ததும் கை பொறுக்கும் சூட்டில் கழுவி, அடுப்பில் காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் தொட்டால் படலம் போய்விடாது. தண்ணீரில் ஊறப் போட்டால்தான் போகும். தால்ச்சா, புளிக்குழம்பு, தக்காளி அதிகம் சேரும் சால்னா போன்றவற்றை இரும்புச் சட்டியில் நெடுநேரம் கொதிக்க விடாதீர்கள், ஆக்கியதை அதிலேயே வைத்திருக்கவும் வேண்டாம். புளிப்பு படலத்தை அரிக்கும், குழம்பும் கறுத்து இரும்பு வாடை அடிக்கும்.

இரத்தசோகைக்கு இரும்புச் சட்டி நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புப் பாத்திரத்தில் சமைக்கும்போது, அதிலும் புளிப்பும் ஈரமும் உள்ள உணவில், இரும்புச் சத்து கூடுவது உண்மை. எத்தியோப்பியாவில் குழந்தைகளிடம் நடத்தி 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், அலுமினியப் பாத்திரத்தைவிட இரும்புப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டவர்களிடம் இரத்தசோகை குறைந்திருந்தது. ஆனால் நன்றாகப் பழகிய தோசைக்கல்லில் இருந்து இறங்கும் இரும்பு குறைவுதான். கர்ப்பிணிகள் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தலசீமியா நோயாளி உள்ள வீட்டில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்கு இரும்பு கூடுவதே கெடுதல்.

மார்க்கம் சார்ந்த ஒரு கேள்வியும் வந்தது. வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்த பழைய வார்ப்புச் சட்டியைப் புழங்கலாமா என்று ஒரு தாய் கேட்டார். மேலை நாடுகளில் பன்றிக் கொழுப்பைத் தடவிப் பழக்கும் வழக்கம் உண்டு, ஆகவே கேள்வி நியாயமானதே. வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஅலபா (ரலி) கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றைத் தவிர்க்கவும், கிடைக்காவிட்டால் கழுவிப் புழங்கவும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் வருகிறது. இரும்பைப் பொறுத்தவரை, பழைய படலத்தை அடி இரும்பு தெரியும்வரை தேய்த்து எடுத்துவிட்டு, நம் எண்ணெயால் மறுபடி பழக்க முடியும். கழுவும் முறை, எண்ணிக்கை பற்றி உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுச் செய்யுங்கள். புதிதாக வாங்கும் வெளிநாட்டுச் சட்டியில் தாவர எண்ணெய் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

துருப்பிடித்த கல்லை எடைக்குப் போட வேண்டாம். துரு மேலாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, புதுக் கல்லைப் போலவே முதலில் இருந்து பழக்கலாம். விரிசல் விட்டதை மட்டும் எடைக்குப் போடுங்கள்.

நம்மிடம் கல் வாங்கிய சகோதரிகள் அதை ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். பெண்கள் பகுதியில் அடுப்பு மூட்டி வைத்திருப்போம், கூட இருந்து பழக்கித் தருகிறோம். கல் பிளந்துபோன சகோதரிக்கு மாற்றுக் கல் வந்துவிட்டது. இந்த முறை இன்ஷா அல்லாஹ் பழக்கியே கொடுப்போம்.